அந்தமான் தக்காளியைச் சாய்க்கும் பாக்டீரியா: கண், மூக்கு இல்லாமல் வேரை எப்படிக் கண்டுபிடிக்கிறது?

நேற்று வரை பச்சையாக நின்ற தக்காளிச் செடி, இன்று மதியம் இலைகளைத் தொங்கப்போட்டுக்கொண்டு நிற்கிறது. தண்ணீர் ஊற்றினாலும் எழவில்லை. இலையில் புள்ளி இல்லை, பூச்சி இல்லை, மஞ்சள்கூட ஆகவில்லை. நாலைந்து நாளில் செடி காலி. அடுத்த வாரம் பக்கத்துச் செடியிலும் இதே கதை.

அந்தமான் தீவுகளில் தக்காளி, கத்தரி, மிளகாய் போடும் விவசாயிகளுக்கு இது பழகிப்போன காட்சி. இதற்குப் பெயர் பாக்டீரியா வாடல் நோய். காரணம், ராஸ்டோனியா என்ற மண் பாக்டீரியா.

இந்த பாக்டீரியாவின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் ஐந்நூறில் ஒரு பங்கு. கண் கிடையாது, மூக்கு கிடையாது, மூளை கிடையாது. ஆனாலும் இருட்டு மண்ணுக்குள் தக்காளி வேர் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நீந்திப் போகிறது. அது எப்படி? அதைத் தெரிந்துகொள்வதால் தீவு விவசாயிக்கும், மாடித்தோட்டத்தில் தக்காளி வைத்திருக்கும் உங்களுக்கும் என்ன பயன்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சுருக்கமாக

• வேரிலிருந்து கசியும் சர்க்கரை, அமினோ அமிலம், கரிம அமிலங்களை உணர்ந்து பாக்டீரியா அவற்றை நோக்கி நகர்கிறது. அறிவியலில் இதற்கு 'கீமோடாக்ஸிஸ்' என்று பெயர். தமிழில் வேதி நாட்டம் என்று சொல்லலாம்.
• இந்தத் திறனை நீக்கிவிட்டால், ராஸ்டோனியாவால் மண் வழியாகச் செடியைத் தாக்குவது கடினமாகிறது. ஆய்வகத்தில் இது நிரூபிக்கப்பட்டிருக்கிறது.
• அதே வேர்க்கசிவைப் பிடித்துக்கொண்டுதான் நன்மை செய்யும் பாக்டீரியாக்களும் வருகின்றன. அதனால் வேரை முதலில் பிடிப்பது யார் என்பது முக்கியமான கேள்வி.

அந்தமானில் இது ஏன் பெரிய பிரச்சினை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி அந்தமான் நிகோபாரில் வசிப்பவர்கள் சுமார் 3.8 லட்சம் பேர். அவர்களில் ஏறக்குறைய 15 சதவீதம் பேருக்குத் தமிழ் தாய்மொழி. நிலப்பரப்பில் பெரும்பகுதி காடு. இருக்கிற விவசாய நிலத்திலும் தென்னையும் பாக்கும்தான் அதிக இடத்தைப் பிடித்திருக்கின்றன. காய்கறிக்குக் கிடைப்பது கொஞ்சம் இடம்தான்.

பற்றாக்குறையை ஈடுகட்ட சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில் காய்கறி வருகிறது. சென்னையிலிருந்து தீவுகளின் தலைநகரம் சுமார் 1,200 கி.மீ. (போர்ட் பிளேர் என்று நமக்குப் பழகிய அந்த ஊரின் பெயர், 2024 செப்டம்பரிலிருந்து ஸ்ரீ விஜயபுரம்.) கடல் கொந்தளித்தால் கப்பல் தாமதமாகும், காய்கறி விலை ஏறும். எனவே உள்ளூர்த் தோட்டத்தில் ஒரு தக்காளிப் பாத்தி வாடினால், அதன் தாக்கம் அந்த விவசாயியோடு நிற்பதில்லை.

சரி, இந்த நோய்க்குத் தீவு ஏன் இவ்வளவு வசதியாக இருக்கிறது? மூன்று காரணங்கள்:

• மழை: ஆண்டுக்குச் சுமார் 3,000 மி.மீ. சென்னையின் சராசரியைப் போல இரண்டு மடங்கு. மண்ணில் ஈரம் நீண்ட நாள் நிற்கும்.
• வெப்பம்: ஆண்டு முழுக்கக் கதகதப்பு. குளிர்காலம் என்று ஒன்று வந்து பாக்டீரியாவை அடக்குவதில்லை.
• அமில மண்: தீவுகளில் பல இடங்களில் மண் அமிலத்தன்மை கொண்டது. அமில மண்ணில் இந்த நோய் தீவிரமாவது பல நாடுகளில் பதிவாகியிருக்கிறது.

கேரளம், கோவா, வடகிழக்கு மாநிலங்கள் என்று மழையும் அமில மண்ணும் சேர்ந்திருக்கும் மற்ற இடங்களிலும் இதே தலைவலி உண்டு.

யார் இந்த ராஸ்டோனியா?

அமெரிக்கத் தாவர நோயியல் அறிஞர் எர்வின் ஸ்மித் 1896-இல் இந்த பாக்டீரியாவை முதன்முதலாக விவரித்தார். இன்று இது 200-க்கும் மேற்பட்ட தாவர இனங்களைத் தாக்கும் என்று தெரியும். தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு, இஞ்சி, வாழை எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கின்றன.

வேர் நுனியிலோ, பக்க வேர் கிளம்பும் இடத்தில் உள்ள சின்ன விரிசலிலோ உள்ளே நுழைகிறது. அங்கிருந்து, மண்ணிலிருந்து இலைக்குத் தண்ணீர் ஏற்றும் சைலம் குழாய்களுக்குப் போய்ச் சேர்கிறது. அங்கே கோடிக்கணக்கில் பெருகி, கொழகொழவென்று ஒரு பசையைச் சுரக்கிறது. குழாய் அடைபடுகிறது. கீழே தண்ணீர் இருக்கிறது, மேலே போக வழியில்லை. அதனால்தான் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் செடி நிமிர்வதில்லை.

அதாவது, செடி வாடியது நம் கண்ணுக்குத் தெரியும்போது உள்ளே எல்லாம் முடிந்துவிட்டது. மருந்து அடித்துக் காப்பாற்றும் கட்டம் தாண்டிவிட்டது. செய்ய முடிந்ததெல்லாம் அதற்கு முன்னால்தான், அதாவது பாக்டீரியா வேரைத் தேடி வரும் கட்டத்தில்தான்.

வேர் அனுப்பும் அழைப்பு

வேர் என்றால் தண்ணீரை உறிஞ்சும் குழாய் என்றுதான் நினைக்கிறோம். அது உறிஞ்சுவதோடு கசியவும் செய்கிறது. ஒளிச்சேர்க்கையில் செடி தயாரிக்கும் உணவில் ஒரு பகுதி வேர் வழியாக மண்ணுக்குள் போய்க்கொண்டே இருக்கும். குளுக்கோஸ் போன்ற சர்க்கரைகள், அமினோ அமிலங்கள், மாலிக் அமிலம், சிட்ரிக் அமிலம் எல்லாம் அதில் இருக்கும். பச்சை ஆப்பிளின் புளிப்புக்குக் காரணம் மாலிக் அமிலம். எலுமிச்சையின் புளிப்புக்குக் காரணம் சிட்ரிக் அமிலம்.

வேருக்குப் பக்கத்தில் இவற்றின் செறிவு அதிகம், தள்ளிப் போகப் போகக் குறைவு. ஊதுபத்தி ஏற்றிய அறையில் கிட்டே போனால் வாசனை தூக்கலாகவும், வாசல் பக்கம் லேசாகவும் இருப்பது போல. இந்த ஏற்ற இறக்கம்தான் பாக்டீரியாவுக்கு வழிகாட்டி.

நீந்துவது எப்படி?

இந்த விஷயத்தில் அதிகம் ஆராயப்பட்டது நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியா. அடிப்படை இயந்திரம் மண் பாக்டீரியாக்களுக்கும் கிட்டத்தட்ட அதேதான். அதனால் முதலில் ஈ.கோலையைப் பார்ப்போம்.

அதன் உடலில் சில கசையிழைகள் இருக்கின்றன. ஒவ்வொரு இழையின் அடியிலும் ஒரு குட்டி மோட்டார். மோட்டார் என்று சும்மா உவமைக்குச் சொல்லவில்லை. புரதங்களால் ஆன அந்த அமைப்பு, நொடிக்கு நூறு முறைக்கும் மேல் சுழலக்கூடியது. 1973-இல் ஹோவர்ட் பெர்க், ராபர்ட் ஆண்டர்சன் இருவரும் இந்த இழைகள் துடுப்புபோல் அடிக்கவில்லை, கப்பலின் புரொபெல்லர்போல் சுழல்கின்றன என்று விளக்கினார்கள்.

மோட்டார் இடஞ்சுழியாகச் சுற்றினால் இழைகள் எல்லாம் ஒரே கொத்தாகச் சேர்ந்து தள்ளும். பாக்டீரியா நேராக ஓடும். ஏறத்தாழ ஒரு நொடி ஓட்டம். மோட்டார் வலஞ்சுழியாக மாறினால் கொத்து பிரிந்துவிடும். பாக்டீரியா நின்ற இடத்தில் உருண்டு புரளும். அது சுமார் பத்தில் ஒரு நொடி. பிறகு ஏதோ ஒரு புதிய திசையில் மறுபடி ஓட்டம்.

ஓடு, புரள், ஓடு, புரள். அவ்வளவுதான் அதன் மொத்த வித்தை. ஸ்டியரிங் கிடையாது. புரண்டபின் எந்தத் திசையில் கிளம்புவது என்று அது தேர்ந்தெடுப்பதும் இல்லை.

ராஸ்டோனியாவுக்குக் கசையிழை ஒரு முனையில்தான் இருக்கும். இப்படி முனையில் இழை உள்ள பாக்டீரியாக்கள் பெரும்பாலும் ரிவர்ஸ் எடுத்துத்தான் திசை மாற்றும். ஆனால் அடுத்து சொல்லப்போகும் தந்திரம் எல்லாவற்றுக்கும் பொது.

திசை தெரியாமல் சரியான இடத்துக்குப் போவது எப்படி?

அந்தமானுக்கு டூர் போனவர்களுக்கு இது நன்றாகப் புரியும். மொபைலில் சிக்னல் இல்லை. டவர் எங்கே என்று தெரியாது. என்ன செய்வோம்? போனைப் பார்த்துக்கொண்டே நாலு அடி நடப்போம். ஒரு பார் இரண்டாக ஆனால் அதே பக்கம் தொடர்ந்து நடப்போம். குறைந்தால் நின்று வேறு பக்கம் திரும்புவோம். டவரை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்காமலே அதற்குக் கிட்டே போய்விடுவோம்.

பாக்டீரியா செய்வதும் அதுதான். அதன் உடல் ரொம்பச் சின்னது என்பதால், தலைக்கும் வாலுக்கும் இடையே உள்ள செறிவு வித்தியாசத்தை நம்பி அது திசையைத் தீர்மானிப்பதில்லை. 'இப்போது எவ்வளவு, கொஞ்சம் முன்னால் எவ்வளவு' என்று நேரத்தை வைத்து ஒப்பிடுகிறது. 1972-இல் ராபர்ட் மக்னாப், டேனியல் கோஷ்லாண்ட் இருவரும் ஒரு பரிசோதனை செய்தார்கள். பாக்டீரியாக்களைச் சட்டென்று செறிவு கூடிய கரைசலில் கலந்தார்கள். எல்லாப் பக்கமும் செறிவு ஒன்றுதான். ஆனாலும் செறிவு ஏறுவதாக 'நினைத்துக்கொண்டு' அவை சிறிது நேரம் புரளாமல் நேராக ஓடின.

அப்படியானால் பாக்டீரியாவுக்கு நினைவாற்றல் இருக்கிறதா? ஒருவிதத்தில், ஆமாம். கடைசி ஒரு நொடியில் உணர்ந்ததை அதற்கு முந்தைய மூன்று நொடியோடு அது ஒப்பிடுகிறது என்று 1986-இல் வெளியான ஆய்வு காட்டியது. மொத்தம் நான்கு நொடி ஞாபகம்.

உள்ளே நடப்பது என்ன?

உடலின் முனையில் ஆயிரக்கணக்கான ஏற்பிப் புரதங்கள் கூட்டமாக இருக்கின்றன. இவைதான் ஆன்டெனா. இதன் பிறகு நடப்பதை மூன்று படிகளாகப் பார்க்கலாம்.

• செய்தி: ஏற்பியில் உணவு மூலக்கூறு எதுவும் ஒட்டாதபோது, 'சீ-ஏ' என்ற புரதம், 'சீ-ஒய்' என்ற தூதுப் புரதத்துக்கு ஒரு பாஸ்பேட்டை மாட்டிவிடும். பாஸ்பேட் மாட்டிய தூதர் மோட்டாரில் போய் ஒட்டினால், புரளல்.
• மௌனம்: உணவு மூலக்கூறு ஏற்பியில் ஒட்டினால் 'சீ-ஏ' அடங்கிவிடும். தூதர்கள் குறைவார்கள். புரளல் தள்ளிப்போகும். நேர் ஓட்டம் நீளும்.
• ரீசெட்: ஏற்பிகளில் மீதைல் தொகுதிகளை மெதுவாக ஒட்டியும் கழற்றியும், இப்போதிருக்கும் செறிவை 'சாதாரணம்' என்று பாக்டீரியா பழகிக்கொள்ளும். அந்த மெதுவான பழக்கம்தான் நான்கு நொடி ஞாபகம். ஊதுபத்தி அறையில் கொஞ்ச நேரம் இருந்தால் வாசனை நமக்கே தெரியாமல் போகிறதே, அதுபோல.

நல்ல திசையில் போனால் ஓட்டம் நீளும், தப்பான திசையில் போனால் சீக்கிரம் புரளும். இதைத் திரும்பத் திரும்பச் செய்தால் மொத்தத்தில் பாக்டீரியா உணவுப் பக்கம் வந்துவிடும்.

இன்னொரு விஷயம். பாக்டீரியா தன்னால் சாப்பிட முடிந்ததை மட்டும் தேடிப் போவதில்லை. விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் ஜூலியஸ் அட்லர் 1969-இல் இதைக் காட்டினார். குறிப்பிட்ட ஒரு சர்க்கரையைச் செரிக்கவே முடியாத ஈ.கோலை வகைகளும் அந்தச் சர்க்கரையை நோக்கிப் போயின. உணவின் பலனை அனுபவித்துப் பார்த்து அவை நகரவில்லை. மூலக்கூறையே நேரடியாக உணர்கின்றன.

ஈ.கோலைக்கு ஐந்து வகை ஏற்பிகள். ராஸ்டோனியாவின் மரபணுத் தொகுதியிலோ 22 ஏற்பி மரபணுக்கள் அடையாளம் காணப்பட்டிருக்கின்றன. மண்ணில் வாழ்பவனுக்கு முகர வேண்டியவை அதிகம்.

எண்களில்: ஒரு சென்டிமீட்டர் பயணம்

வேரிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி ஒரு பாக்டீரியா இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மைக்ரோமீட்டர் வேகம். (ஒரு தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரோமீட்டர்.) தோராயமாகக் கணக்குப் போட்டால்:

• நேர்க்கோட்டில் நீந்தினால்: சுமார் 8 நிமிடம்.
• வேதி நாட்டத்தோடு, வேகத்தில் பத்தில் ஒரு பங்கு மட்டும் சரியான திசையில் பலன் தந்தால்: சுமார் 1 மணி 20 நிமிடம்.
• எந்த வழிகாட்டியும் இல்லாமல் அலைந்தால்: ஒன்றரை முதல் மூன்று நாள். அப்போதும் வேர் இருக்கும் பக்கம் வந்து சேரும் என்று உத்தரவாதம் இல்லை.

இது தேங்கிய தண்ணீருக்கான கணக்கு. மண்ணில் மணல் துகளும் களிமண்ணும் வழிமறிக்கும். துகள்களுக்கு நடுவே உள்ள தண்ணீரில்தான் பாக்டீரியா நீந்த முடியும். மண் காய்ந்தால் அந்தத் தண்ணீர்ப் பாதை துண்டு துண்டாகிவிடும், பயணம் நின்றுவிடும். மாதக்கணக்கில் மண் ஈரமாக இருக்கும் அந்தமான், ராஸ்டோனியாவுக்கு ஏன் சொர்க்கம் என்பது இப்போது புரிகிறதா?

ஒன்றைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு இந்த பாக்டீரியா தானாக நீந்திப் போவதில்லை. மீட்டர் கணக்கான தூரத்தை மழைநீர், பாசன வாய்க்கால், மண்வெட்டி, செருப்பு, நோயுள்ள நாற்று ஆகியவைதான் கடக்க வைக்கின்றன. வேருக்கு முன்னால் உள்ள கடைசி மில்லிமீட்டர்களையும் சென்டிமீட்டரையும்தான் அது தன் சொந்தத் திறனால் கடக்கிறது. ஆனால் நோய் வருமா, வராதா என்பது முடிவாவது அந்தக் கடைசி தூரத்தில்தான்.

இந்தத் திறனைப் பிடுங்கிவிட்டால்?

அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் ஜியான் யாவ், கெய்ட்லின் ஆலன் இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் சோதித்தது. ராஸ்டோனியாவில் வேதி நாட்டத்துக்கான மரபணுவை மட்டும் செயலிழக்கச் செய்தார்கள். அந்த பாக்டீரியாக்களால் நீந்த முடியும், ஆனால் எங்கே போவது என்று தெரியாது.

அவற்றை மண்ணில் ஊற்றித் தக்காளியைத் தாக்கவிட்டபோது நோய் குறைந்தது. ஆனால் அதே பாக்டீரியாக்களை நேராகத் தண்டுக்குள் செலுத்தியபோது வழக்கம்போல் செடி வாடியது. ஆக, செடியைக் கொல்லும் சக்தி அப்படியேதான் இருந்தது. தொலைந்தது வேருக்கு வரும் வழி.

அதே ஆய்வில் இன்னொரு கவனிக்க வேண்டிய முடிவும் இருந்தது. தக்காளியின் வேர்க்கசிவு ராஸ்டோனியாவை நன்றாக ஈர்த்தது. இந்த நோய் தாக்காத நெல்லின் வேர்க்கசிவு அந்த அளவுக்கு ஈர்க்கவில்லை.

அந்த 22 ஏற்பிகளில் எது முக்கியம்? ஜப்பானின் ஹிரோஷிமா பல்கலைக்கழகத்தில் ஜுனிச்சி கட்டோ குழு 2015-இல் இதற்கு ஒரு பதில் தந்தது. அமினோ அமிலங்களை உணரும் ஓர் ஏற்பியை நீக்கினார்கள், நோய் குறையவில்லை. மாலிக் அமிலத்தை உணரும் ஏற்பியை நீக்கினார்கள், தக்காளி நாற்றுகளில் தொற்று குறைந்தது. தக்காளி வேரைக் காட்டிக்கொடுப்பதில் அந்தப் புளிப்புக்குப் பெரிய பங்கு இருக்கிறது.

அதே அழைப்புக்கு நண்பனும் வருவான்

அப்போ, வேர் மாலிக் அமிலம் கசியாமல் இருந்தால் பிரச்சினை தீர்ந்ததா? அங்கேதான் சிக்கல்.

தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு 'சூடோமோனாஸ்' நன்கு தெரிந்த பெயர். வேரைச் சுற்றிக் குடியேறி நோய்க்கிருமிகளை அடக்கும் சூடோமோனாஸ் ஃபுளோரசன்ஸ் பாக்டீரியாவை டால்க் பவுடரில் கலந்து விற்பதுதான் அது. நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் இதே இனத்தை வைத்து, அதே தக்காளி வேரில் 2002-இல் ஓர் ஆய்வு நடந்தது. முடிவு என்ன தெரியுமா? வேதி நாட்டம் இல்லாத சூடோமோனாஸ், வேர் நுனியைப் பிடிக்கும் போட்டியில் பின்தங்கியது. அதை ஈர்த்த வேர்க்கசிவுப் பொருட்களில் முக்கியமானவை மாலிக் அமிலமும் சிட்ரிக் அமிலமும்.

2008-இல் அமெரிக்காவின் டெலவேர் பல்கலைக்கழகக் குழு ஒரு படி மேலே போனது. அரபிடாப்சிஸ் என்ற ஆய்வகச் செடியின் இலையில் நோய்க்கிருமியை ஏற்றினார்கள். செடி என்ன செய்தது? வேரிலிருந்து மாலிக் அமிலத்தை அதிகமாகக் கசியவிட்டு, நன்மை செய்யும் பேசில்லஸ் பாக்டீரியாவை வரவழைத்தது. கிட்டத்தட்ட ஓர் எமர்ஜென்சி கால்.

ஆக, மாலிக் அமிலம் பொதுவெளியில் போட்ட பதிவு மாதிரி. காப்பாற்ற வருபவனும் படிப்பான், திருட வருபவனும் படிப்பான். பதிவை அழித்தால் இருவரும் வரமாட்டார்கள். அதனால் நடைமுறையில் மிஞ்சும் கேள்வி ஒன்றுதான்: ராஸ்டோனியா வந்து சேரும்போது அந்த வேரில் ஏற்கெனவே ஆள் இருக்கிறதா, இடம் காலியாக இருக்கிறதா?

அந்தமானில் என்ன செய்யப்படுகிறது?

தீவுகளின் விவசாய ஆராய்ச்சிக்கு 1978-இல் போர்ட் பிளேரில் ஒரு நிறுவனம் தொடங்கப்பட்டது. இன்று அதன் பெயர் மத்தியத் தீவு வேளாண் ஆராய்ச்சி நிறுவனம். வாடல் நோயை அது பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. அதிலிருந்து வந்த 'காரி பிரிஞ்சால்-1' கத்தரி, வாடலைத் தாங்கும் ரகம்.

2012-இல் வெளியான ஓர் ஆய்வில் இந்த நிறுவனத்தின் ஆய்வாளர்களோடு திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகமும் சேர்ந்திருந்தது. தக்காளி, மிளகாய்ச் செடிகளின் உள்ளேயே வாழும் பாக்டீரியாக்களைப் பிரித்தெடுத்து, அவற்றில் எவை ராஸ்டோனியாவை எதிர்க்கின்றன என்று பார்த்தார்கள். வெளியூர் பாக்டீரியாவைக் கொண்டுவந்து இறக்குவதைவிட, செடிக்குள் ஏற்கெனவே குடியிருப்பவர்களையே காவலுக்கு வைக்க முடியுமா என்பதுதான் இத்தகைய தேடலின் நோக்கம்.

இதுவரை பார்த்த அறிவியலை நடைமுறைக்குக் கொண்டுவந்தால் இப்படித் தொகுக்கலாம்:

• முதலில் இடம் பிடிப்பது: சூடோமோனாஸைச் செடி வாடியபிறகு ஊற்றிப் பயனில்லை. விதையிலும் நாற்றங்காலிலும் தொடங்க வேண்டும். ஒரு கிலோ விதைக்கு 10 கிராம், வயலுக்கு ஹெக்டேருக்கு 2.5 கிலோவைத் தொழு உரத்தோடு கலந்து இடுவது என்பது தமிழ்நாட்டில் வழக்கமாகப் பரிந்துரைக்கப்படும் அளவு.
• ரகம்: பெங்களூரு தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் அர்கா ரக்ஷக் தக்காளி, கேரள வேளாண் பல்கலைக்கழகத்தின் சக்தி, முக்தி, அனகா தக்காளி ரகங்கள் ஆகியவை வாடலைத் தாங்குபவை. தாங்கும் ரகத்துக்குள்ளும் பாக்டீரியா நுழையலாம். ஆனால் தண்டுக்குள் தாராளமாகப் பரவ முடியாமல் திணறும்.
• ஒட்டுக்கட்டுவது: கத்தரியைச் சுண்டைக்காய் வேர்ச்செடியில் ஒட்டுவது நம் ஊரிலும் நடக்கிறது. தக்காளியைத் தாங்கும் திறனுள்ள கத்தரி வேர்ச்செடியில் ஒட்டலாம் என்று தைவானில் உள்ள உலகக் காய்கறி மையம் பரிந்துரைக்கிறது. அந்த வேர்ச்செடிகள் தண்ணீர் தேங்குவதையும் ஓரளவு தாங்கும். மழை கொட்டும் தீவுக்கு இது கூடுதல் லாபம்.
• சுழற்சி: அந்தமானின் தாழ்வான வயல்களில் மழைக்காலத்தில் நெல், அதன் பிறகு காய்கறி என்ற முறை உண்டு. ராஸ்டோனியாவுக்கு உணவாகாத நெல் நடுவே வருவது நல்லது. தக்காளிக்குப் பின் கத்தரி, கத்தரிக்குப் பின் மிளகாய் என்று போனால் அது அதே விருந்தின் அடுத்த பந்தி.
• வடிகாலும் சுண்ணாம்பும்: மேட்டுப்பாத்தி அமைத்துத் தண்ணீரை வடியவிட்டால் பாக்டீரியாவின் நீர்ப்பாதை குறையும். மண் பரிசோதனை செய்து, தேவைப்பட்டால் சுண்ணாம்பு இட்டு அமிலத்தன்மையைக் குறைக்கலாம்.

இவற்றில் எதுவும் தனியாக நின்று வாடலை ஒழிக்காது. ராஸ்டோனியா மண்ணிலும் தண்ணீரிலும் களைச்செடிகளின் வேரிலும் நீண்ட நாள் தாக்குப்பிடிக்கும். ஒன்றுக்கு மேல் ஒன்றாகத் தடை போடுவதுதான் வழி.

உங்கள் மாடித்தோட்டத்தில் செடி வாடினால்?

பூஞ்சையால் வரும் வாடல், தண்ணீர்ப் பற்றாக்குறை, ராஸ்டோனியா மூன்றும் பார்க்க ஒரே மாதிரி இருக்கலாம். வீட்டிலேயே செய்யக்கூடிய ஓர் எளிய சோதனை உண்டு. வாடிய செடியின் தண்டை அடிப்பகுதியில் குறுக்காக வெட்டுங்கள். அந்தத் துண்டின் வெட்டிய முனையை ஒரு கண்ணாடி டம்ளரில் உள்ள சுத்தமான தண்ணீரில் அசையாமல் பிடியுங்கள். சில நிமிடங்களில் பால்போன்ற வெள்ளை நூல் கீழே இறங்கினால், அது பாக்டீரியா வாடல்தான். நூல் நூலாக வருவது லட்சோபலட்சம் பாக்டீரியாக்கள்.

உறுதியானால் அந்தச் செடியை வேரோடும் மண்ணோடும் அப்புறப்படுத்துங்கள். கம்போஸ்ட் தொட்டியில் போட வேண்டாம். அந்த மண்ணை வேறு தொட்டிக்கு மாற்ற வேண்டாம். கத்திரிக்கோல், கரண்டி எல்லாவற்றையும் கழுவிவிடுங்கள். அந்தத் தொட்டியின் வடிநீர் அடுத்த தொட்டிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்து என்ன?

பாக்டீரியாவைக் கொல்வதற்குப் பதில், அதற்கு வழி தெரியாமல் செய்ய முடியுமா என்பது ஆராய்ச்சியாளர்களின் அடுத்த கேள்வி. மண்ணில் ஈர்ப்புப் பொருட்களைக் கலந்து வேரின் சிக்னலை மறைப்பது, விலக்கும் பொருட்களைத் தேடுவது என்று யோசனைகள் இருக்கின்றன. ஹிரோஷிமா குழுவும் இந்தத் திசையில் சோதனைகள் செய்திருக்கிறது. ஆனால் எந்தப் பொருளைப் போட்டாலும் அது நண்பனின் வழியையும் குழப்பாமல் இருக்க வேண்டும். ஆய்வகத் தொட்டியிலிருந்து 3,000 மி.மீ. மழை கொட்டும் வயலுக்கு வருவதற்குள் இந்த யோசனைகள் தாண்ட வேண்டிய சோதனை அதுதான்.

அதுவரை அந்தமான் விவசாயியின் கையில் இருப்பது நேரம். நாற்று நடும் நாளில் வேரைச் சுற்றி யாரைக் குடிவைக்கிறார் என்பதை அவர்தான் தீர்மானிக்கிறார். இடம் காலியாக இருந்தால், ஒரு சென்டிமீட்டர் தள்ளி இருக்கும் ராஸ்டோனியாவுக்கு ஒன்றிரண்டு மணி நேரமே போதும்.